ஒரே பெயரில் இரண்டு யூனிட்: பாஸ்கல் கம்பைலர் எதை எடுத்துக்கொள்கிறது?

கேள்வி கேட்டவர் சிங்கப்பூரின் ஊபி தொழிற்பேட்டையில் இயந்திர உதிரிபாகங்கள் விற்கும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கும் தம்பி. பலதுறைத் தொழிற்கல்லூரியில் அவர் படித்தது பைத்தான். கையில் வந்து சேர்ந்திருப்பதோ பாஸ்கல் மொழிக்கான டெல்ஃபி 7 என்ற பழைய கருவியில் எழுதப்பட்டு, பாதி வழியில் ஃப்ரீ பாஸ்கல் கம்பைலரைக் கொண்டு தொகுக்கும் லாசரஸ் என்ற கருவிக்கு மாற்றப்பட்ட ஒரு விற்பனை நிரல். எழுதியவர் ஓய்வுபெற்றுவிட்டார். பாஸ்கலில் யூனிட் என்பது நிரலின் ஒரு பகுதியைத் தாங்கும் தனிக் கோப்பு. தம்பி மூன்று சிக்கல்களைச் சொல்கிறார். விண்டோஸ் யூனிட்டைச் சேர்த்ததும், அதுவரை ஒழுங்காக இருந்த ‘டெலீட்ஃபைல்’ வரியில் பிழை வருகிறது. ‘ஃபார்ம்ஸ்’ யூனிட் லாசரஸின் கோப்புறையில் கண்ணெதிரே இருந்தும், அதைக் காணவில்லை என்று கம்பைலர் நின்றுவிடுகிறது. மூன்றாவது, ஒரே நிரலைத் தம் கணினியில் தொகுத்தால் விலைப்பட்டியலில் பொருள் சேவை வரி 9 விழுக்காடு என்று வருகிறது. முன்னவர் விட்டுச்சென்ற கணினியில் தொகுத்தால் 8 விழுக்காடு. எல்லா யூனிட்டுகளுக்கும் புதுப் பெயர் சூட்டிவிடலாமா என்று கேட்கிறார்.

முதல் இரண்டும் கம்பைலர் வாய்விட்டுச் சொல்லும் கோளாறுகள். மூன்றாவது வாயே திறக்காத கோளாறு; எனக்குக் கவலை தருவது அதுதான். 1,250 வெள்ளிக்குப் பொருள் விற்றால் 9 விழுக்காட்டில் வரி 112 வெள்ளி 50 காசு. 8 விழுக்காட்டில் 100 வெள்ளி. வாடிக்கையாளரிடம் வாங்காமல் விட்ட தொகை நிறுவனத்தின் தலையில்தான் விழும். கம்பைலரோ எச்சரிக்கை ஒன்றுகூடத் தராமல், வேலை வெற்றிகரமாக முடிந்தது என்று சொல்லியிருக்கும். ஆகையால் பிழைச் செய்தியை எப்படி ஓட்டுவது என்பதைவிட, ஒரு பெயருக்குக் கம்பைலர் எதை எடுத்துக்கொண்டது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையே விரிவாகச் சொல்கிறேன். அது தெரிந்துவிட்டால் மூன்று கேள்விகளுக்கும் விடை தானாக வரும்.

பெயர் மோதல் என்று பொதுவாகச் சொல்வதற்குள் இரண்டு தனித்தனிச் சங்கதிகள் இருக்கின்றன. நிரலுக்குள் ஒரு பெயரை எழுதினால், எந்த யூனிட்டில் அறிவிக்கப்பட்டதை அது குறிக்கிறது என்பது ஒன்று. எந்தெந்த யூனிட்டுகள் வேண்டும் என்று பட்டியலிடும் யூசஸ் வரியில் ஒரு யூனிட்டின் பெயரை எழுதினால், வட்டில் உள்ள எந்தக் கோப்பைக் கம்பைலர் திறக்கிறது என்பது மற்றொன்று. முதலாவதைத் தீர்மானிப்பது யூசஸ் வரியின் வரிசை. இரண்டாவதைத் தீர்மானிப்பது, கம்பைலர் தேட வேண்டிய கோப்புறைகளின் பட்டியலான தேடல் பாதை. முதல் வகைக் கோளாறுக்குப் பாதைகளைக் குடைவதும், இரண்டாம் வகைக்கு யூசஸ் வரியை மாற்றி மாற்றி அடுக்குவதும் வீண் உழைப்பு. இந்தச் சிக்கலில் பலருடைய நேரம் அங்கேதான் கரைகிறது.

நிக்லாஸ் விர்த் 1970-இல் வெளியிட்ட பாஸ்கலில் யூனிட் என்பதே கிடையாது. நிரல் முழுவதும் ஒரே கோப்பு. யூசிஎஸ்டி பாஸ்கல் அதைக் கொண்டுவந்தது. 1987-இல் வந்த டர்போ பாஸ்கல் 4 அதை எல்லோர் கைக்கும் கொண்டுசேர்த்தது. யூனிட்டின் பெயரும் கோப்பின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற ஏற்பாடும் அந்த வழியில் வந்ததுதான். டாஸ் காலத்தின் எட்டெழுத்துக் கட்டுப்பாடு இன்றைய ஃப்ரீ பாஸ்கலிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: நீளமான பெயரில் யூனிட் கிடைக்காவிட்டால், முதல் எட்டு எழுத்துகளை மட்டும் வைத்து அது மறுபடியும் தேடிப் பார்க்கும்.

முதலில் டெலீட்ஃபைல். அந்தப் பெயரில் இரண்டு ஃபங்ஷன்கள் இருக்கின்றன. சிஸ்யூட்டில்ஸ் யூனிட்டில் இருப்பது பாஸ்கலின் சாதாரணச் சரத்தை வாங்கிக்கொள்ளும். விண்டோஸ் யூனிட்டில் இருப்பது விண்டோஸ் இயங்குதளத்தின் சொந்த அழைப்பு. அது பி-சார் எனப்படும் சுட்டியைக் கேட்கும். யூசஸ் வரியில் கடைசியாக வரும் யூனிட்டிலிருந்து முதல் யூனிட்டை நோக்கிப் பின்னோக்கிப் பார்ப்பது கம்பைலரின் வழக்கம். முதலில் எங்கே பெயர் கிடைக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளும். யூனிட்டின் மேற்பாதியான, வெளியே தெரியும் இன்டர்ஃபேஸ் பகுதியில் ஒரு யூசஸ் வரியும், கீழ்ப்பாதியான, செயல் வரிகள் அடங்கிய இம்ப்ளிமென்டேஷன் பகுதியில் இன்னொரு யூசஸ் வரியும் இருந்தால், பின்னது முன்னதை மறைக்கும். தம்பி விண்டோஸ் யூனிட்டை இம்ப்ளிமென்டேஷன் பகுதியில் சேர்த்திருக்கிறார். சிஸ்யூட்டில்ஸ் மேலே இன்டர்ஃபேஸ் பகுதியில் இருக்கிறது. ஆகவே டெலீட்ஃபைல் என்றால் இனி விண்டோஸின் டெலீட்ஃபைல். சரத்தைக் கொடுத்தீர்கள், பி-சார் எதிர்பார்த்தேன் என்று கம்பைலர் சொல்வது முழுக்க நியாயம்.

இந்த இடத்தில் பலரும் செய்வது, பிழைச் செய்தி கேட்டபடியே அந்தச் சரத்தைப் பி-சார் ஆக மாற்றிக் கொடுத்துவிடுவது. பிழை போய்விடும், ஆனால் நீங்கள் நினைத்த ஃபங்ஷன் ஓடாது, பெயரில் ஒத்த வேறொன்று ஓடும். டெலீட்ஃபைலில் பெரிய சேதமில்லை, இரண்டும் கோப்பை அழிக்கத்தான் செய்யும். ஆனால் அதே பழக்கம் ஃபைண்ட்குளோஸில் காலை வாரிவிடும். சிஸ்யூட்டில்ஸின் ஃபைண்ட்குளோஸ் தேடல் பதிவு முழுவதையும் கேட்கும். விண்டோஸின் ஃபைண்ட்குளோஸ் ஒரு கைப்பிடி எண்ணை மட்டும் கேட்கும். வகையை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பொருத்திக்கொண்டே போனால், நிரல் விண்டோஸோடு ஆணியடித்து நின்றுவிடும். நாளை நிறுவனம் லினக்ஸ் சேவையகத்துக்கு மாறினால் அத்தனை வரிகளையும் பிடுங்க வேண்டும்.

யூசஸ் வரியில் விண்டோஸை முன்னால் நகர்த்தி, சிஸ்யூட்டில்ஸைப் பின்னால் வைத்தாலும் பிழை போகும். அதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஃபார்மில், அதாவது நிரலின் திரைச் சாளரத்தில், ஒரு புதுப் பொத்தானையோ பட்டியலையோ வைத்தால் லாசரஸ் தானாகவே யூசஸ் வரியில் யூனிட்டுகளைச் சேர்க்கும். யாராவது அழகுக்காக யூனிட்டுகளை அகரவரிசையில் அடுக்கினால், ஆங்கில அகரவரிசைப்படி விண்டோஸ் கிராஃபிக்ஸுக்கும் சிஸ்யூட்டில்ஸுக்கும் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்போது டெலீட்ஃபைலோடு டிபிட்மேப்பும் சேர்ந்து கெடும். அந்தப் பெயரில் கிராஃபிக்ஸ் யூனிட்டில் ஒரு கிளாஸும் விண்டோஸ் யூனிட்டில் ஒரு ரெக்கார்டும் இருக்கின்றன. வரிசையை நம்பி நிற்கும் நிரல், வரிசை கலைந்ததும் சாய்ந்துவிடும்.

நிலையான வழி, யூனிட்டின் பெயரை முன்னொட்டாக எழுதுவதுதான். சிஸ்யூட்டில்ஸ், ஒரு புள்ளி, டெலீட்ஃபைல். இப்படி எழுதினால் யூசஸ் வரி எப்படி மாறினாலும் பொருள் மாறாது. ஒரே பெயர் பத்திருபது இடங்களில் வருகிறதென்றால், உங்கள் யூனிட்டின் டைப் பகுதியில் ஒரு வரி போதும்: டிபிட்மேப் என்றால் கிராஃபிக்ஸ் புள்ளி டிபிட்மேப் என்று அறிவித்துவிடுங்கள். யூசஸ் வரியில் வரும் எந்த யூனிட்டையும்விட, யூனிட்டுக்குள்ளேயே அறிவிக்கப்பட்டது முந்திக்கொள்ளும். தம்பியின் நிலையில் இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. லாசரஸில் விண்டோஸ் யூனிட்டையே தவிர்த்து, எல்சிஎல்இன்ட்ஃப், எல்சிஎல்டைப் என்ற இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். டெல்ஃபி நிரல்கள் விண்டோஸ் யூனிட்டிலிருந்து வழக்கமாக எடுக்கும் பலவற்றை இவை எல்லா இயங்குதளங்களுக்கும் பொதுவாகத் தருகின்றன.

முன்னொட்டிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. யூனிட்டின் பெயரும் ஒரு பெயர்தான். அதையும் வேறொன்று மறைக்கலாம். ஃபார்மின் மெத்தடுக்குள் நின்றுகொண்டு ‘கன்ட்ரோல்ஸ்’ புள்ளி என்று தொடங்கினால், கன்ட்ரோல்ஸ் யூனிட்டை அது குறிக்காது. ஃபார்முக்கே கன்ட்ரோல்ஸ் என்ற பண்பு ஒன்று இருப்பதால் அதுதான் முந்தும். கம்பைலர் உள்ளிருந்து வெளியே பார்க்கிறது: முதலில் வித் தொகுதி, பிறகு புரொசீஜரின் உள் மாறிகள், பிறகு கிளாஸும் அதன் மூதாதைகளும், பிறகு யூனிட்டின் சொந்த அறிவிப்புகள், பிறகு யூசஸ் வரிகள் பின்னிருந்து முன்னாக, எல்லாவற்றுக்கும் கடைசியில் சிஸ்டம் யூனிட்.

சிஸ்டம் யூனிட் கடைசியில் நிற்பதால்தான், ஃபார்முக்குள் ஓர் உரைக் கோப்பை மூட ‘குளோஸ்’ என்று எழுதினால் அளபுருக்களின் எண்ணிக்கை தவறு என்று வருகிறது. ஃபார்மை மூடும் குளோஸ் மெத்தட் முந்திக்கொள்கிறது; அதற்கு அளபுரு எதுவும் கிடையாது. டெல்ஃபியில் அசைன்ஃபைல், குளோஸ்ஃபைல் என்று தனிப் பெயர்கள் வந்ததற்கு இந்த மோதல்தான் காரணம். பழைய டர்போ பாஸ்கல் நிரலைக் கொண்டுவருபவர்கள் அசைன், குளோஸ் என்ற பழைய பெயர்களை முதலிலேயே இந்த இரண்டுக்கும் மாற்றிக்கொள்வது நல்லது.

பெயர் மறைப்பைக் கம்பைலரே தன் தேவைக்குப் பயன்படுத்தும் இடம் ஒன்று இருக்கிறது. கணக்கு நிரல் எழுதுபவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஃப்ரீ பாஸ்கலின் சிஸ்டம் யூனிட்டில் இன்டிஜர் என்பது 16 பிட். 32,767-க்கு மேல் கொள்ளாது. ஆப்ஜெக்ட் பாஸ்கல் முறையிலோ டெல்ஃபி முறையிலோ தொகுத்தால், ஆப்ஜ்பாஸ் என்ற யூனிட்டைக் கம்பைலர் தானாகவே சேர்த்துக்கொள்ளும். அதில் இன்டிஜர் 32 பிட்டாக மறுபடி அறிவிக்கப்பட்டிருக்கிறது. அது பின்னால் வருவதால் சிஸ்டத்தின் இன்டிஜரை மறைக்கிறது. லாசரஸ் ஒவ்வொரு தடவையும் அந்த முறையைக் கம்பைலருக்குச் சொல்லிவிடுகிறது. அதே கோப்பை வெறும் கட்டளை வரியில், முறை எதுவும் சொல்லாமல் தொகுத்தால் இன்டிஜர் 16 பிட்டுக்கு இறங்கிவிடும். தொகையைக் காசுகளாக இன்டிஜரில் வைத்திருக்கும் நிரலில் 327 வெள்ளி 67 காசுக்கு மேல் கணக்கு உடைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு யூனிட்டின் தலையிலும் முறையைக் குறிக்கும் வரியை எழுதிவிடுங்கள். ஆப்ஜ்பாஸை மட்டும் நீங்களாக யூசஸ் வரியில் சேர்க்காதீர்கள். அது கம்பைலரின் வேலை.

இனி 8 விழுக்காட்டுக்கு வருவோம். இதற்கு யூசஸ் வரிசையும் காரணமாக இருக்கலாம். வரிவீதத்தை ஒரு மாறிலியாக ‘டாக்ஸ்’ யூனிட்டில் அறிவித்து, அதே பெயரில் பழைய மாறிலி ‘இன்வாய்ஸ்’ யூனிட்டிலும் விட்டுப்போயிருந்தால், யூசஸ் வரியில் எது பின்னால் இருக்கிறதோ அதுவே செல்லும். சிங்கப்பூரில் வரி 2007 ஜூலையிலிருந்து 7 விழுக்காடு. 2023 ஜனவரி 1 முதல் 8. 2024 ஜனவரி 1 முதல் 9. அந்த மூன்று வீதங்களையும் தாண்டி வந்த நிரலில் மூன்றும் எங்காவது புதைந்திருக்க வாய்ப்புண்டு. மொத்தக் கோப்புறையிலும் அந்த மாறிலியின் பெயரைத் தேடிப் பாருங்கள். ஓர் இடத்துக்கு மேல் அறிவிப்பு இருந்தால் மற்றவற்றை நீக்குங்கள்.

ஆனால் அதே மூல நிரல் ஒரு கணினியில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் நடக்கிறது என்கிறார். யூசஸ் வரிசை இரண்டிலும் ஒன்றுதானே! அப்படியானால் இது கோப்பைப் பற்றிய கேள்வி. இரண்டு கணினிகளும் இரண்டு வேறு ‘டாக்ஸ்’ கோப்புகளைத் திறக்கின்றன.

ஃப்ரீ பாஸ்கல் ஒரு யூனிட்டைத் தேடும்போது, கம்பைலரை எந்தக் கோப்புறையில் நின்று இயக்கினோமோ அதையும், தொகுக்கப்படும் மூலக் கோப்பு இருக்கும் கோப்புறையையும் முதலில் பார்க்கிறது. அங்கே இல்லாதபோதுதான் தேடல் பாதைக்குப் போகிறது. தேடல் பாதையைச் சேர்க்கும் சுவிட்ச் பெரிய எஃப், அதையடுத்து சிறிய யு. கட்டளை வரியில் இந்தச் சுவிட்சைப் பல தடவை கொடுத்தால், கடைசியாகக் கொடுத்த கோப்புறை முதலில் தேடப்படும். முதலில் எழுதியது முதலில் என்று நினைத்துவிடாதீர்கள். கம்பைலரின் அமைப்புக் கோப்பான எஃப்பிசி டாட் சிஎஃப்ஜி கட்டளை வரிக்கு முன்பாகவே படிக்கப்படுகிறது. ஆகவே கட்டளை வரியில் கொடுத்த பாதைகள் அமைப்புக் கோப்பின் பாதைகளை முந்தும்.

எழுத்தின் அளவிலும் ஒரு பொறி இருக்கிறது. பெரிய எஃப்பும் பெரிய யுவும் சேர்ந்தால் அது வேறு சுவிட்ச்: தொகுத்த யூனிட்டுகளை எந்தக் கோப்புறையில் எழுதுவது என்று சொல்வது. இரண்டையும் மாற்றிப் போட்டால் தேடல் பாதை வராது. போதாக்குறைக்குத் தொகுத்த யூனிட்டுகளான பிபியு கோப்புகள் மூலக் கோப்புகளுக்கு நடுவே சிதறும்.

முன்னவரின் அமைப்புக் கோப்பிலிருந்து தம்பி ஒரு வரியை எழுதி அனுப்பியிருக்கிறார். டி வட்டில் உள்ள ‘காமன்’ கோப்புறையைச் சுட்டி, அதன் இறுதியில் ஒரு நட்சத்திரக் குறி போட்ட வரி. விடை அந்த நட்சத்திரத்தில் இருக்கிறது. தேடல் பாதையில் நட்சத்திரம் என்றால் அந்தக் கோப்புறைக்குக் கீழே ஒரு படியில் உள்ள துணைக் கோப்புறைகள் எல்லாம் என்று பொருள். அந்தக் கோப்புறை அதில் அடங்காது. ஃப்ரீ பாஸ்கலோடு வரும் அமைப்புக் கோப்பைத் திறந்து பாருங்கள்: யூனிட்டுகளின் கோப்புறைக்கு நட்சத்திரம் இல்லாமல் ஒரு வரி, நட்சத்திரத்தோடு ஒரு வரி என்று இரண்டு எழுதியிருப்பார்கள். திருத்தப்பட்ட 9 விழுக்காட்டுக் கோப்பு காமன் கோப்புறையிலேயே இருக்கிறது. 8 விழுக்காட்டுக் கோப்பு அதற்குக் கீழே ‘பேக்கப்’ என்ற துணைக் கோப்புறையில் இருக்கிறது. நட்சத்திர வரி ஒன்று மட்டும் இருக்கும் கணினியில் காமன் தேடப்படுவதே இல்லை, பேக்கப் தேடப்படுகிறது. தம்பியின் கணினியில் நட்சத்திரம் இல்லாத வரி இருப்பதால் சரியான கோப்பு கிடைக்கிறது. இரண்டு கம்பைலர்களும் சொன்னபடிதான் கேட்டிருக்கின்றன.

இதை ஊகமாக விடாமல் கண்ணால் பார்த்துவிடுங்கள். கம்பைலருக்கு ‘வி’ சுவிட்சோடு யு, டி என்ற இரண்டு சிறிய எழுத்துகளைச் சேர்த்துக் கொடுத்தால், ஒவ்வொரு யூனிட்டுக்கும் எந்தெந்தக் கோப்புறையில் தேடினேன், கடைசியில் எந்தக் கோப்பை ஏற்றினேன் என்று வரி வரியாக எழுதித் தரும். வெளியீடு மிக நீளமாக இருக்கும். ஒரு கோப்பில் திருப்பிவிட்டு டாக்ஸ் என்று தேடுங்கள். லாசரஸில் புராஜெக்ட் அமைப்புகளுக்குள் கஸ்டம் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் அதே சுவிட்சை எழுதலாம். அதோடு பெரிய பி சுவிட்சையும் சேர்த்து, எல்லா யூனிட்டுகளையும் புதிதாகத் தொகுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முன்பே தொகுத்துவைத்த பிபியு கோப்பை எடுத்துக்கொண்டு போய்விடும்.

இதைவிடச் சுருக்கமான சோதனை ஒன்றும் உண்டு. நீங்கள் சரியென்று நம்பும் டாக்ஸ் கோப்பைத் திறந்து, இன்டர்ஃபேஸ் சொல்லுக்குக் கீழே பொருளற்ற ஒரு சொல்லை அடித்துச் சேமித்துவிட்டுத் தொகுங்கள். கம்பைலர் அந்த வரியில் நின்று பிழை சொன்னால், அது படிப்பது அந்தக் கோப்பைத்தான். ஒன்றும் சொல்லாமல் முடித்துவிட்டால், அது வேறெங்கோ போய்ப் படிக்கிறது. எடிட்டரில் பெயரின்மேல் சுட்டி அறிவிப்புக்குத் தாவும் வசதியும் உதவும். ஆனால் அது லாசரஸ் தானாகக் கணிப்பது. கம்பைலரின் முடிவை அறியக் கம்பைலரையே கேட்க வேண்டும்.

தீர்வு என்ன? சொந்த யூனிட்டுகளின் பாதையை அமைப்புக் கோப்பில் எழுதவே எழுதாதீர்கள். அமைப்புக் கோப்பு கணினிக்குக் கணினி வேறுபடும். நிரலோடு சேர்ந்து பயணம் செய்யாது. லாசரஸில் புராஜெக்ட் அமைப்புகளின் பாத்ஸ் பக்கத்தில், மற்ற யூனிட் கோப்புகளுக்கான இடத்தில், புராஜெக்ட் கோப்புறையிலிருந்து தொடங்கும் சார்புப் பாதையாக எழுதுங்கள். அது புராஜெக்ட் கோப்பிலேயே சேமிக்கப்படும். யார் எந்தக் கணினியில் திறந்தாலும் ஒரே பாதை. சொந்தப் புராஜெக்டில் நட்சத்திரத்தைத் தொடாதீர்கள். பேக்கப் கோப்புறை எந்தப் பாதையிலும் இருக்கக் கூடாது. கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாடு வந்த பிறகு அப்படியொரு கோப்புறைக்குத் தேவையும் இல்லை. தொகுத்த கோப்புகளுக்கு லாசரஸ் வழக்கமாக வைப்பதுபோல ‘லிப்’ என்று தனிக் கோப்புறை கொடுத்து, அதற்குள் செயலிக்கும் இயங்குதளத்துக்கும் ஏற்பத் துணைக் கோப்புறைகள் பிரிந்துவிடும்படி வையுங்கள்.

பழைய கணினியில் டெல்ஃபி 7 இன்னும் இருந்தால், அங்கேயும் இதே கதைதான். லைப்ரரி பாத் என்பது புராஜெக்டோடு இருப்பதில்லை. அந்தக் கணினியின் ரெஜிஸ்ட்ரியில் இருக்கிறது. நிரலை மட்டும் நகலெடுத்துக்கொண்டு வந்தால் அந்தப் பாதை வராது. இப்போதே அதைத் திறந்து, அங்கிருக்கும் கோப்புறைகளை வரிசை மாறாமல் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கணினியைக் கழித்துக் கட்டிய பிறகு அந்த வரிசை யாருக்கும் தெரியாமல் போகும்.

இரண்டாவது கேள்வி, கண்ணெதிரே இருக்கும் ஃபார்ம்ஸைக் காணவில்லை என்பது. இந்தச் செய்தி பலரை அலைய வைத்திருக்கிறது. ஃபார்ம்ஸ் இருக்கும் கோப்புறையைத் தேடல் பாதையில் மறுபடி மறுபடி சேர்த்துப் பார்ப்பார்கள், ஒன்றும் நடக்காது. கோளாறு ஃபார்ம்ஸில் இல்லை. தம்பி அனுப்பிய கோப்புப் பட்டியலில், புராஜெக்ட் கோப்புறையிலேயே ‘மேத்’ என்ற பெயரில் முன்னவர் எழுதிய யூனிட் ஒன்று இருக்கிறது. ஃப்ரீ பாஸ்கலுக்கு அதே பெயரில் சொந்த யூனிட் உண்டு. லாசரஸின் திரை யூனிட்டுகள் அதைப் பயன்படுத்தித்தான் தொகுக்கப்பட்டிருக்கின்றன. இப்போது நடப்பதைப் பாருங்கள். கம்பைலர் ஃபார்ம்ஸின் பிபியு கோப்பை ஏற்றுகிறது. தனக்கு மேத் வேண்டும் என்று அது சொல்கிறது. முன்பு பார்த்த மேத்தின் சரிபார்ப்பு எண்ணையும் குறித்துவைத்திருக்கிறது. கம்பைலர் மேத்தைத் தேடினால், இப்போதைய கோப்புறையில் முன்னவரின் மேத் முதலில் அகப்படுகிறது. எண் பொருந்தவில்லை. அப்படியானால் ஃபார்ம்ஸைப் புதிய மேத்தோடு மறுபடி தொகுக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. ஃபார்ம்ஸின் மூலக் கோப்பு தேடல் பாதையில் இல்லை. தொகுத்த பிபியு மட்டுமே இருக்கிறது. ஆகவே ஃபார்ம்ஸைக் காணவில்லை என்று நின்றுவிடுகிறது. விரிவான வெளியீட்டில், மேத்தின் சரிபார்ப்பு எண் மாறியதால் மறுபடி தொகுக்கிறேன் என்ற வரி இதற்குச் சற்று முன்பே இருக்கும்.

லாசரஸின் மூலக் கோப்புறைகளைத் தேடல் பாதையில் சேர்த்தால் பிழை மறையக்கூடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் ஒவ்வொரு புராஜெக்டும் லாசரஸின் யூனிட்டுகளைத் தன் போக்கில் தொகுக்கத் தொடங்கி, ஒன்றன் பிபியு மற்றொன்றுக்குப் பொருந்தாமல் போகும். வெளியார் எழுதிய எந்தத் தொகுப்பையும், அதன் கோப்புறையைப் பாதையில் சேர்த்து இழுக்கக் கூடாது. புராஜெக்ட் இன்ஸ்பெக்டரில் தேவைப்படும் பேக்கேஜ் என்று சேர்த்தால், பாதையை லாசரஸே பார்த்துக்கொள்ளும்.

லினக்ஸில் தொகுக்கும்போது இதே செய்திக்கு வேறொரு எளிய காரணமும் உண்டு. யூசஸ் வரியில் எழுதியபடி ஒரு தடவை, முழுதும் சிறிய எழுத்தில் ஒரு தடவை, முழுதும் பெரிய எழுத்தில் ஒரு தடவை என்று மூன்று விதமாகக் கம்பைலர் கோப்பைத் தேடும். கோப்பின் பெயர் இந்த மூன்றுக்கும் நடுவே வேறு கலவையாக இருந்தால் கிடைக்காது. கோப்புப் பெயர்களை எல்லாம் சிறிய எழுத்தில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

பெயர் மாற்றலாமா என்ற கேள்விக்கு: எல்லாவற்றுக்கும் வேண்டாம். ஒரு நிரலுக்குள் ஒரே பெயரில் இரண்டு யூனிட்டுகள் இருக்கவே முடியாது. முன்னொட்டும் அங்கே உதவாது, ஏனென்றால் முன்னொட்டே யூனிட்டின் பெயர்தான். ஆகவே மேத், டைப்ஸ், யூட்டில்ஸ், காமன், குளோபல், ஸ்ட்ரிங்ஸ் என்று யாருக்கும் தோன்றக்கூடிய பெயர்களில் இருக்கும் உங்கள் யூனிட்டுகளை மட்டும் மாற்றுங்கள். நிறுவனத்தின் பெயரிலிருந்து இரண்டு மூன்று எழுத்துகளை எடுத்து முன்னால் வைத்தால் போதும். டெல்ஃபி எக்ஸ்இ2 2011-இல் வந்தபோது அதன் சொந்த யூனிட்டுகளே சிஸ்டம் புள்ளி சிஸ்யூட்டில்ஸ், விசிஎல் புள்ளி ஃபார்ம்ஸ் என்று புள்ளி வைத்த பெயர்களுக்கு மாறின. ஃப்ரீ பாஸ்கலும் புள்ளி வைத்த யூனிட் பெயர்களை ஏற்கும். நிறுவனத்தின் பெயர், புள்ளி, டாக்ஸ் என்று நீங்களும் வைக்கலாம். கோப்பின் பெயரிலும் அதே புள்ளி இருக்க வேண்டும். பெரிய நிரலுக்கு எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். எது நம்முடையது, எது வெளியாருடையது என்பது படிக்கும்போதே தெரிகிறது.

பெயர் மாற்றும்போது, கோப்பை மட்டும் மாற்றிவிட்டு யூனிட் வரியை மறந்தால் கம்பைலர் ஏற்காது. லாசரஸுக்குள்ளேயே அதைத் திறந்து வேறு பெயரில் சேமித்தால், யூனிட் வரியையும் புராஜெக்ட் கோப்பையும் அது திருத்திக்கொள்ளும். மற்ற யூனிட்டுகளின் யூசஸ் வரிகளை மாற்றட்டுமா என்று கேட்டால் சம்மதியுங்கள். முடிந்ததும் பழைய மேத்தின் பிபியு, ஓ கோப்புகள் எங்கே கிடந்தாலும் தேடி அழித்துவிட்டு, எல்லாவற்றையும் புதிதாகத் தொகுங்கள். அதன் பிறகு இரண்டு கணினிகளிலும் அதே 1,250 வெள்ளிக்கு ஒரு விலைப்பட்டியல் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் 112 வெள்ளி 50 காசு வர வேண்டும். வராவிட்டால் பழைய கணினியின் விரிவான வெளியீட்டில் டாக்ஸ் என்று வரும் வரிகளை மட்டும் எடுத்து அனுப்புங்கள், தம்பி. எந்தக் கோப்பு உள்ளே புகுந்திருக்கிறது என்பதை அதிலிருந்தே சொல்லிவிடலாம்.